கேத்தல் கொதிக்கும் வரை

றாபியா இறந்து நான்கு நாட்களுக்குப் பிறகுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. மருதமுனையிலிருந்து கைத்தறிச் சேலை கொண்டுவரும் ராத்தா பொட்டணியை அவிழ்த்துக்கொண்டே, "நிந்தவூர் அடுப்புக்காரப் புள்ள மவுத்தாப் போயிட்டாளாமே, தெரியுமா?" என்று உம்மாவைக் கேட்டார். காய்ச்சலாம். ஐந்தே நாளாம். உம்மா இன்னாலில்லாஹி சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அப்போது குசினியில் கேத்தலைத் துலக்கிக்கொண்டிருந்தேன். அது அவள் வரவேண்டிய வாரம்.

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை, காற்றடிக்கும் எண்ணெய் அடுப்பு உள்ள வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். அந்தப் பெண்களான உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டு ஆண்கள் அவள் முகத்தைக் கண்டதில்லை. விறாந்தையையும் உள்வீட்டையும் பிரிக்கும் திரைக்கு இந்தப் பக்கமிருந்து வந்த குரலை மட்டுமே கேட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு அடுப்பை வாப்பா உம்மாவுக்காகவே வாங்கினார். விறகுப் புகையில் உம்மா இருமுவதைப் பொறுக்க முடியாமல், ஒரு அறுவடை முடிந்ததும் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய், பித்தளை மினுங்கும் அந்த அடுப்பைச் சாக்கில் சுற்றி வண்டிலில் கொண்டுவந்தார். முதல் நாள் அதன் இரைச்சலைக் கேட்க அயல் வீட்டுப் பெண்களெல்லாம் வந்தார்கள். சில மாதங்களில் சுவாலை மஞ்சளானது. சட்டிகளில் கரி பிடித்தது. மத்தியானமானால் உம்மாவுக்குத் தலையிடி. சில நாட்களில் அடுப்பருகிலேயே சுவரில் சாய்ந்து கண் சொருகிவிடுவார்.

வாப்பா அடுப்பைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போனார். திருத்துகிறவர் துப்புரவாக்கிக் கடை வாசலில் எரித்துக் காட்டினார். கடற்காற்றில் அது நீலமாக எரிந்தது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் மறுபடி மஞ்சள். மூன்று தடவை இப்படியே நடந்தது. மூன்றாம் தடவை வாப்பா, "கடையில நல்லா எரியிது. ஊட்டுக்கு வந்தாக் கெட்டுப் போகுது. அப்ப கோளாறு அடுப்பிலயா, ஆக்களிலயா?" என்றார். உம்மாவும் தன் கையில்தான் ஏதோ பிழை என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

இப்போது நினைத்தால் அதில் புதிர் எதுவும் இல்லை. அந்நிய ஆண் நம் குசினிக்குள் வருவதில்லை. ஆகவே அடுப்புத்தான் வெளியே போனது. அதைத் திருத்திய எவரும் அது எரிகின்ற இடத்தைக் கண்டதேயில்லை.

அந்த நாட்களில்தான் இஸ்மாலெவ்வை என்றொருவர் தகரப் பெட்டியோடு எங்கள் படலையில் வந்து நின்றார். பின்னால் முக்காடிட்ட ஒரு பெண். "அடுப்புத் திருத்துறது நான், போடியார். உள்ளுக்குப் போய்ப் பாக்கிறது என்ட பொஞ்சாதி" என்றார், வயற்காரரான வாப்பாவிடம். வாப்பா சிரித்துவிட்டார். "பொம்புள என்னத்தப் பாக்கப் போறா?" "நான் பாக்க ஏலாததெல்லாம் பாப்பா" என்றார் அவர்.

திரையைத் தாண்டி உள்ளே வந்தவள் முக்காட்டை விலக்கினாள். "என்னகா, இன்னும் புத்தகத்துக்குள்ளதான் குடியிருக்கிறியா?"

ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூட வாங்கில் என் பக்கத்தில் இருந்த றாபியா. இருவரையும் வீட்டோடு நிறுத்திய பிறகு, ஆறு வருடங்களாக நான் அவளைக் கண்டிருக்கவில்லை.

அவள் அடுப்பைத் தொடவில்லை. "மாமி, நீங்க ஒவ்வொரு நாளும் பத்த வைக்கிற மாதிரிப் பத்த வைங்க. நான் இரிக்கன் எண்டு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் அமர்ந்து, முழங்காலில் நாடியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறாந்தையிலிருந்து அவள் கணவர் கேட்டார், இவள் பதில் சொன்னாள்.

"நிறம் என்ன?"

"அடி நீலம். நுனி மஞ்சள்."

"மணம்?"

"இரிக்கி. கண்ணும் எரியிது."

"சட்டி அடி?"

"என்ட தலமயிரு மாதிரி."

அடுப்பை அணைத்து, தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டு, ஆறிய பிறகு திரைக்கு வெளியே தள்ளிவிட்டாள். அவர் எண்ணெயைத் துணியில் வடித்தார். தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரைக் கொட்டினார். பம்பின் தோல் வாஷரைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மென்மையாக்கினார். சுவாலை கிளம்பும் நிப்பிளின் கண்ணை ஊசியால் குத்தித் துலக்கினார். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். விறாந்தையில் அடுப்பு நீலமாக எரிந்தது.

"முடிஞ்சிது" என்று வாப்பா எழுந்தார்.

"இல்ல மாமா, பாதிதான் முடிஞ்சிரிக்கி" என்றது திரைக்குள்ளிருந்து அவள் குரல்.

அடுப்பை மறுபடி உள்ளே வைத்து, எப்போதும் போலக் கதவைச் சாத்தச் சொன்னாள். அரை மணி நேரத்தில் நுனி மஞ்சளானது. அவள் எழுந்து சுவர்களைப் பார்த்தாள். ஒழுங்கைப் பக்கத்து யன்னலில் குறுக்கே பலகைகள் அடித்திருந்தன.

"இத எப்ப அடைச்ச?"

"நான் பெரிய பிள்ளையான வருசம்" என்றேன். "ஒழுங்கையால ஆம்புளயள் போறாங்க எண்டு."

"உம்மாக்கு இதாலதான் எண்டு உனக்குத் தெரியாதா?"

அந்தப் பலகைகளை நான் பலமுறை பார்த்து நின்றிருக்கிறேன். எனக்காக அடித்த ஆணியைப் பற்றி நானே எப்படி வாய் திறப்பது?

"உன்ன மறைக்கப் போய் உம்மாட மூச்ச அடைச்சிப் போட்டாங்க" என்றாள் மெதுவாக. "அடுப்பும் மூச்சு உடுது, நீங்களும் மூச்சு உடுறீங்க. இரிக்கிறது இந்தக் கொஞ்சக் காத்துத்தான்."

பிறகு அவள் செய்ததை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுப்பு ஆறியதும் நிப்பிளைக் கழற்றித் தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். திரையருகே போய், "மாமா, நிப்பிள நான் கொண்டு போறன். யன்னலத் தொறந்த அண்டைக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து பூட்டித் தாறன்" என்றாள்.

விறாந்தையில் கணவர் இருமினார். வாப்பாவின் குரல் உயர்ந்தது. "என்ட ஊட்டு யன்னலப் பத்திக் கதைக்க நீ ஆர் புள்ள?"

"ஆருமில்ல மாமா. அடுப்புப் பாக்க வந்த ஆள். அடுப்ப மட்டும் பாத்திட்டுப் போனா, ஒரு நாளைக்கு மாமி எழும்பாட்டி ஆர் வந்து பதில் சொல்லுற?"

"இனி இந்தப் படலையத் தாண்டாத!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். ஆறு வருடங்களுக்குப் பிறகு வந்தவள், ஒரு மத்தியானம் கூட முழுதாக இருக்கவில்லை.

பின் வளவில் ஓலைக் கொட்டிலொன்றின் கீழ் விறகில் சமைத்தோம். உம்மா இருமினார். ஆனால் தலையிடி என்று படுக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியலில் சுபஹுத் தொழுகைக்கு யாரும் எழுப்பாமலே எழுந்து, கிணற்றடியில் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டிருந்தார். வாப்பா கிணற்றடிக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

"உம்மா தானா எழும்பினாவா?"

"ஓம் வாப்பா. ஒன்பது நாளாத் தலையிடி இல்ல." அதற்கு மேல் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "யன்னலத் தொறங்க வாப்பா. நான் அந்தப் பக்கம் போய் நிக்கமாட்டன்."

வாப்பா பள்ளிவாசலுக்குப் போய் வந்தார். குறட்டைத் தேடி எடுத்து, ஆளொன்றும் வைக்காமல், தானே ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். தச்சனைக் கூப்பிட்டு, காற்று வரும், கண் வராது என்ற சரிவில் சட்டங்கள் போடச் சொன்னார். பிறகு ஒழுங்கை முனைக்குப் போய் நிந்தவூர் பஸ்காரரிடம், "அந்த அடுப்புக்காரப் புள்ளய வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

அவள் வந்ததும் விரலை நனைத்து யன்னல் சட்டத்தருகே பிடித்தாள். "காத்து வருகுது" என்றாள். நிப்பிளைப் பூட்டினாள். அடுப்புக்கு மேலே தொங்கிய துணிக் கொடியை வேறிடத்துக்கு மாற்றினாள். தொட்டியை வாய் வரை நிரப்பவேண்டாம், மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும் என்று உம்மாவுக்குக் காட்டினாள். கடைசியாகக் கேத்தலை வைத்தாள். ஒரு கேத்தல் தண்ணீர் கொதித்து முடியும் வரை சுவாலை நீலமாக நின்றால்தான் அவர்கள் வேலை முடிந்தது. அதற்கு முன் எந்த வீட்டிலிருந்தும் அவர்கள் எழுந்து போனதில்லை. "அடுப்பப் பாக்கிறதெண்டா அது நிக்கிற இடத்தையும் பாக்கணும், அதோட நிக்கிற ஆளையும் பாக்கணும்" என்பாள்.

அதன் பிறகு மூன்று வருடங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தாள். என் நாட்களில் வெளியிலிருந்து எனக்கென்று வந்த ஒரே ஆள் அவள். நான் வாசித்தவற்றைச் சொல்வேன். அவள் ஊர்க் குசினிகளைச் சொல்வாள். எந்த வீட்டு மாமி சுவாலையோடு கதைக்கிறார், எந்த வீட்டு மருமகள் அழுவதற்கென்றே வெங்காயம் உரிக்கிறாள் என்றெல்லாம். கேத்தல் கொதித்ததும் அவள் போய்விடுவாள் என்பதால், நான் அதைக் கழுத்து வரை நிரப்பி வைக்கத் தொடங்கினேன். முதல் தடவையே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னகா, ஊருக்கே தேத்தண்ணியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கேத்தலின் மூடியைக் கொஞ்சம் சரியாக மூடிவிட்டு அமர்ந்தாள். அன்று கேத்தல் மூக்கால் ஆவி பறக்கும்போது விறாந்தையிலிருந்து அவள் கணவர், "கொதிச்சிட்டா?" என்று கேட்டார். றாபியா என்னைப் பார்த்தபடியே, "இன்னும் இல்ல" என்றாள். சுவாலையைப் பற்றி அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கேத்தலைப் பற்றி மட்டும் சொல்வாள்.

அவள் மவுத்தாகி நாற்பது நாள் கழிந்து இஸ்மாலெவ்வை தனியாக வந்தார். விறாந்தையில் வழமையான இடத்தில் அமர்ந்து, பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் திரையைப் பார்த்து, யாரைக் கேட்கிறோம் என்று தெரியாதவர் போல, "நிறம் என்ன?" என்றார்.

நான் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து, முழங்காலில் நாடியை ஊன்றினேன். "நீலம்" என்றேன். "நுனியும் நீலம்."

"மணம்?"

"இல்ல."

"யன்னல்?"

விரலை நனைத்துச் சட்டத்தருகே பிடித்தேன். "வருகுது."

அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை இந்தக் கேள்விகளும், அவற்றுக்கு மெய்யான பதிலும், வாப்பாவிடம் ஒரு காலையில் வாய் திறந்த அந்தத் துணிவும்தான். இன்னொன்றும் இருக்கிறது. இஸ்மாலெவ்வை என்னை மன்னிப்பாராக. கேத்தலை அன்றும் கழுத்து வரை நிரப்பித்தான் வைத்திருந்தேன். ஆவி யன்னல் சட்டங்களினூடே ஒழுங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. மூடி துள்ளும் சத்தம் விறாந்தை வரை கேட்டிருக்கும்.

"கொதிச்சிட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.

அவர் காத்திருந்தார்.