கண்டக்டர் முன்னால் நின்ற தொழுகை

தீஜானி பஸ் ஓட்டிய காலத்தில், மஹ்தியா ஊருக்கு வரும் கடைசி வண்டி ஆலிவ் தோப்போரம் தினமும் சற்று நிற்கும். சூரியன் விழுந்ததும் பயணிகள் இறங்குவார்கள். தீஜானி முன்னால் நின்று தொழவைப்பார். புதுப்பெண்ணாய் மஹ்பூபா பின்வரிசையில் நின்று கணவரின் குரலைக் கேட்டுப் பூரித்திருக்கிறாள். புழுதியும் டீசலும் கலந்த அந்த வாசனை இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

இப்போது அதே மனிதர் நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை. பள்ளிவாசலையும் விட்டாயிற்று. மாத்திரையால் தூக்கம் வந்தது, முகம் தெளியவில்லை.

மனநல மருத்துவர் மவாஹிப் ஒருநாள் கேட்டாள்: “தொழுகையை ஏன் விட்டீங்க, ஹாஜி?”

தீஜானி சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “எத்தனை சுற்று, எத்தனை ரக்அத் முடிஞ்சுதுன்னு மறந்துபோகுது. அல்லாஹ்கிட்டயே பொய்க்கணக்கு காட்டுற மாதிரி இருக்கும்மா.”

“மாத்திரையை விடாதீங்க. ஆனா தனியா தொழாதீங்க. இமாமுக்குப் பின்னால நின்னா எண்ணிக்கை அவர் பாடு.”

ஊரார் முன்னால் போக அவருக்குக் கூச்சம். அதனால் மஹ்பூபா பழைய கண்டக்டர் லஸ்ஹரை வீட்டுக்கு அழைத்தாள். எல்லாரும் தொழும்போது பஸ் டயரில் சாய்ந்து சிகரெட் பிடித்தவன்.

“என்னையா இமாமாக்குற அண்ணி? பள்ளிவாசல் மினாராவே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீ முன்னால நில்லு.”

அன்று மாலை முற்றத்தில் பாய் விரித்தார்கள். அந்தி நேரத் தொழுகை மூன்று ரக்அத். மூன்றும் முடிந்து உட்கார வேண்டிய லஸ்ஹர் நான்காவதுக்கு எழுந்துவிட்டான். மஹ்பூபாவுக்குத் திருத்தும் சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

“சுப்ஹானல்லாஹ்.”

இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் உணர்த்தும் சொல். தோப்போரத்தில் கேட்ட அதே குரல். லஸ்ஹர் சட்டென்று உட்கார்ந்தான்.

தொழுது முடித்ததும் தீஜானி லஸ்ஹர் பக்கம் திரும்பினார். “ஏண்டா, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போறியே. இத்தனை வருஷம் விசில் ஊதியும் புத்தி வரலையா?”

“நீங்க பிரேக் போடுவீங்கன்னு தெரியும்ணே.”

வேண்டுமென்றே எழுந்தானா என்று மஹ்பூபா கேட்கவில்லை. நாளைக்குத் தீஜானியே எண்ணிக்கையை மறந்துபோகலாம்.

“அடுத்த தொழுகைக்கு இருப்பியா, இல்ல சிகரெட்டுக்கு ஓடிடுவியா?” என்றார் தீஜானி.

பாயைச் சுருட்டாமல் அவள் தேநீர் வைக்கப் போனாள்.