தாம்பரத்திலிருந்து கோவளம் வரை செல்லும் ரயில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் டிரிப் சீட்டில் லாரி நம்பரும் கையெழுத்தும்தான். என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்பது இன்றைக்கும் குத்துமதிப்புதான். “தப்பெல்லாம் நான் திருத்திக்கறேன், நீங்க எழுதுங்க” என்று ஒரு டீச்சர் சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். அவர் யார் என்பது பின்னால் வரும்.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். அகரம்தென் தாண்டி ஒரு தோப்புக் கிணற்றில் தண்ணீர் பிடித்து, மேடவாக்கத்தில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொட்டுவது வேலை. கூச்ச சுபாவம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது “உள்ளேன் ஐயா” சொல்ல வாய் வராது. அதனால் வந்திருந்தும் பாதி நாள் வராதவனாகவே இருந்தேன். ஒருமுறை முடி வெட்டுகிறவர் பேச்சு சுவாரஸ்யத்தில் மெஷினை மேலே ஏற்றிவிட்டார். ‘போதும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் தொப்பி போட்டுக்கொண்டு லாரி ஓட்டினேன்.

சின்ன வயதில் எங்கள் வீடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. நாள் முழுக்க அறிவிப்புக் குரல் கேட்கும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்தால் பிளாட்பாரமே காது கொடுக்கும். பேசுகிறவரின் முகம் யாருக்கும் தெரியாது. யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்று தோன்றியது. அந்த வேலைக்கு என் படிப்பு போதாது என்று தெரிந்தபோது, நானே ஒரு ரயிலை விட்டேன். மனசுக்குள்தான்.

அது தாம்பரத்திலிருந்து கோவளம் வரை செல்லும் ரயில். அந்தப் பக்கம் இன்றைக்கும் தண்டவாளம் கிடையாது. நான் போட்டேன். சேலையூர், செம்பாக்கம், சந்தோஷபுரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கட்டினேன். மேடவாக்கத்தில் இரண்டாவது பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரத்தை வெட்டாமல் விட்டு, அதைச் சுற்றிக் கூரை போட்டேன். மீன் கூடைக்காரப் பெண்களுக்கு ஜன்னல் பெரிதாக வைத்த தனிப் பெட்டி. அதில் யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். கடைசி ஸ்டேஷனான கோவளத்தைக் கட்டி முடிக்கப் பல வருஷம் ஆனது. அவசரப்படவில்லை. கட்டுவதில்தான் சுகம். கடலைப் பார்த்த ஒரு சின்ன அறை, அதில் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் நான்.

இதனால் எனக்குக் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. மேடவாக்கம் கூட்ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் ஹாரனை அடித்து, கத்தி, ஆளாளுக்கு பிரஷர் மாத்திரை போடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் நாலு ரயிலை அனுப்பியிருப்பேன். மருத்துவ முகாமில் என் பிரஷரைப் பார்த்த நர்ஸ், மெஷின் கெட்டுவிட்டதோ என்று இரண்டாவது முறை பார்த்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து, நான் தண்ணீர் கொட்டும் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். “எந்த மந்திரம் சொல்றேள்?” என்று கேட்டார். ‘செம்பாக்கத்தில் சிக்னல் கிடைக்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது? நானும் கும்பிட்டேன்.

கெடுதலும் இருந்தது. அது என் மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவள் பாதி நாள் சங்கதியைச் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

“யோவ், இப்ப நான் இன்னா சொன்னேன், சொல்லு பாப்போம்?”

“கேஸ் சிலிண்டர்…”

“அது நேத்து. இன்னிக்கு எங்கக்கா பொண்ணுக்கு வளைகாப்பு தேதி சொன்னேன். ஒடம்பு மட்டும் இங்க கீது. ஆளு எங்கய்யா போற?”

எங்கே போகிறேன் என்று அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

போன சித்திரையில்தான் அது நடந்தது. மேடவாக்கத்தில் அறுபது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்குக் காலை ஆறு மணிக்கு முதல் லோடு போகவேண்டும். அங்கே தரையில் அக்கம்பக்கமாக இரண்டு இரும்பு மூடிகள். ஒன்று சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி. அதில் விடும் தண்ணீர்தான் மாடித் தொட்டிக்கு ஏறும். இன்னொன்று மழைநீரைப் பூமிக்குள் இறக்கும் கிணறு. சம்ப் மூடிக்கு நீலம், மழைநீர் மூடிக்குப் பச்சை என்று இருந்தது. முந்தைய நாள் பெயிண்ட் அடித்தவர்கள் இரண்டுக்கும் பச்சையே அடித்துவிட்டார்கள். வழக்கமாக வாட்ச்மேன் வந்து மூடியைத் திறந்து கொடுப்பார். அன்று அவர் கேட்டில் பால் வண்டிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

நானோ அன்று கோவளம் ஸ்டேஷனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷ வேலை. முதல் ரயில் மேடவாக்கத்தைத் தாண்டிவிட்டது. கை தானாக ஒரு மூடியைத் தூக்கியது, ஓஸ் குழாயை உள்ளே விட்டது, வால்வைத் திறந்தது. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன்.

சம்ப்பில் தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறும். எந்த லாரிக்காரனுக்கும் அது காதில் விழும். மழைநீர்க் கிணற்றில் சத்தம் மாறாது. விட்டதையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருக்கும். மனசு அங்கே இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரும் பூமிக்குள் போன பிறகுதான் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார்.

“அண்ணே, இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்க? ஓஸ் எங்க கீது பாரு!”

கோவளம் ஸ்டேஷன், மாலை, தோரணம் எல்லாம் ஒரே நொடியில் போயிற்று.

முதலாளிக்குப் போன் செய்தேன். “அவங்க மட்டும் கம்ப்ளைன்ட் குடுத்தாங்கன்னா, சாவிய வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடு” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. லாரியின் பக்கவாட்டில் கீறல் போட்டதற்காகப் போன மாதம்தான் ஒரு டிரைவரை நிறுத்தியிருந்தார். இந்த வயதில், இந்த வாயை வைத்துக்கொண்டு, நான் எந்த முதலாளியிடம் போய் வேலை கேட்பது?

மாடித் தொட்டி காலியாகிவிட்டது. ஒவ்வொரு வீடாகக் குழாய் நின்றது. ஜனங்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருவருக்கு முகத்தில் பாதி ஷேவிங் சோப்பு. ஒரு அம்மா தலையில் ஷாம்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங் இருக்குப்பா! இப்படியே போய் உக்காரட்டுமா?”

“பூமாதேவிக்கு அபிஷேகம் பண்ணியிருக்கார், விடுங்க சார்.”

“வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்க டிரைவர்!”

கடைசியாகச் சொன்னவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கம்ப்ளைன்ட் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் கையில்தான் இருந்தது. முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். வருகைப்பதிவுக்கு எழுந்து நிற்கும் பையன் மாதிரி நின்றேன். கண்ணை மூடினேன். அப்போது என் வாயிலிருந்து, எனக்கே பழக்கமான, ஆனால் வெளியே ஒருவரும் கேட்டிராத குரல் வந்தது.

“குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு. காலை ஆறு மணிக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர், ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமாக, ஒரு மணி நேரம் இருபது நிமிடங்கள் தாமதமாக வந்து சேரும். இதனால் ஏற்பட்ட சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்.”

கண்ணைத் திறந்தேன். முதலில் ஷேவிங் சோப்புக்காரர்தான் சிரித்தார். சிரித்ததில் நுரை பறந்து பக்கத்தில் நின்றவர் சட்டையில் விழுந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“எந்த பிளாட்பாரம்னு சொல்லலையே?” என்றார் ஷாம்பு அம்மா.

“பழைய நீல மூடி பிளாட்பாரம்மா” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் முறை.

சொன்னபடி சரியாக ஏழு இருபதுக்கு அடுத்த லோடோடு வந்தேன். டீச்சர் முதலாளியிடம் பேசினார். கம்ப்ளைன்ட் இல்லை, ஆனால் இனி மூடியைத் திறக்கும்போது வாட்ச்மேன் கூட இருக்கவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் குரலை எங்கே வெச்சிருந்தீங்க?” என்று கேட்டார். சாவி என் கையிலேயே இருந்த சந்தோஷத்தில் ரயில் கதை முழுவதையும் உளறிவிட்டேன். அன்றுதான் எழுதச் சொன்னார்.

இப்போது தினமும் காலையில், கிணற்றிலிருந்து கிளம்பும் முன், அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு என் குரலில் ஒரு அறிவிப்பு அனுப்புகிறேன். ஒரு நாள் தவறினாலும், “இன்னிக்கு அனௌன்ஸ்மென்ட் வரலையே” என்று கேட்கிறார்கள். ரயிலையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். மூடியைத் தூக்கினால் எல்லா ஸ்டேஷனிலும் சிவப்பு சிக்னல். ஓஸ் மேல் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். மனைவி பேச ஆரம்பித்தாலும் அதே சட்டம்தான். அதில் இன்னும் சில நாள் சிக்னலை மீறிவிடுகிறேன்.

அவளிடமும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டாள். “இத்தினி வருசமா வண்டி வுட்டுகினு கீற. பொண்டாட்டிக்கு ஒரு டிக்கெட்டு தரணும்னு தோணல?”

அதனால் இன்று புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு, கேளம்பாக்கம் வழியாக பஸ்ஸில் கோவளம் போனோம். படகுகளுக்குப் பக்கத்தில் நின்று, ஸ்டேஷன் எங்கே, என் அறை எங்கே என்று மணலில் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “சரி, சொல்லு” என்றாள். சுற்றிலும் ஆட்கள். கூச்சமாகத்தான் இருந்தது. கண்ணை மூடாமலே சொன்னேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாம்பரத்திலிருந்து கோவளம் வரை வந்த ரயில் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.”

பக்கத்தில் சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “இன்னா நேரத்துக்குண்ணா வண்டி? கூடைக்கு எடம் கெடைக்குமா?” என்றாள்.

“தனிப் பெட்டியே இருக்கும்மா” என்றேன்.

வீட்டுக்கு வந்த கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிட்டேன். மனைவி எதற்கோ கூப்பிடுகிறாள். சிவப்பு சிக்னல்.

ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரம்.