பதிவேட்டில் கூரை

எனக்குக் கோபம் வந்தால் லேசில் ஆறாது. பெற்ற மகளே இதைச் சொல்லிக் காட்டுவாள். ஊர்த் திருவிழாவுக்காகக் கூட்டம் போட்ட அன்று வந்த கோபமோ ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு சாப்பிட்டு, என்னோடு தூங்கி எழுந்தது. அதை நான் தீர்த்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இன்றைக்கும் முகத்தைக் காட்டக் கூசுகிறது.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வரிப் பிரிவு எழுத்தராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் நான். எந்தக் கொம்யூன் என்று சொல்லமாட்டேன். புதுச்சேரிக் கிராமப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் போதும். ஊரில் பாதிப் பேரின் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். ஆளின் பெயர் மறந்துபோகும், எண் மறக்காது.

அரசாங்க இலாகாவில் ஓய்வு பெற்றவருக்குக் கருவூலத்திலிருந்து பென்ஷன் வருகிறது. மாதம் பிறந்தால் போனில் செய்தி வந்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை. கொம்யூனின் சொந்த வருமானத்திலிருந்துதான் எங்களுக்குப் பென்ஷன். வருமானம் என்றால் வீட்டு வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை. அதில் முதலில் வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம். அடுத்தது தெருவிளக்குக்கு மின்கட்டணம். அடுத்தது குப்பை வண்டிக்கு டீசல். அதற்குப் பிறகும் பாத்திரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு. நான் வேலையில் சேர்ந்தபோது ஓய்வூதியக்காரர்கள் ஒரே பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். இப்போது வராந்தா போதவில்லை. வேலையில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். போனவர்கள் இடத்திலெல்லாம் தினக்கூலி ஆட்கள். எங்களுக்கென்று தனியாக ஒரு நிதி ஒதுக்கிவைக்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரிக்குத்தான் தோன்றியது. அவரும் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார்.

திருவிழாக் கூட்டம் நடந்தபோது எங்களுக்குப் பென்ஷன் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கூட்டம் ஊர்க் கல்யாண மண்டபத்தில். மண்டபம் ஒரு கரும்புக்காரக் குடும்பத்துடையது. அந்த மண்டபக்காரன் என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என் பக்கத்தில் என் சிநேகிதி. அதே கொம்யூனில் தெருப் பெருக்கி, சாக்கடை தள்ளி ஓய்வு பெற்றவள். அவளுக்கும் அதே ஐந்து மாதம்தான். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துவிட்டு ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

கோயிலுக்குப் போகிற தெருவில் விளக்கு எரிவதில்லை என்று யாரோ புகார் சொன்னார்கள். மேடையில் இருந்த மண்டபக்காரன் மைக்கை வாங்கினான்.

"லைட்டு எப்பிடிபா எரியும்? நாம கட்ற வரியெல்லாம் வூட்ல குந்திகினு துன்றவங்களுக்குப் பென்ஷனா போவுது. வேல செஞ்ச காலத்துலயே ஒண்ணும் கிழிக்கல. இப்ப இன்னாத்துக்கு அவங்களுக்கு அழுவணும்?"

மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு நான் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தந்திருப்பேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எழுந்திருக்கப் போன என்னை என் சிநேகிதி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வுடுக்கா. அவன் பேசிட்டுப் போவட்டும். நமக்குக் காசு வந்தா சரி" என்றாள். அவள் சாக்கடையில் இறங்கி வேலை செய்தவள். அவளைப் பார்த்து ஒன்றும் கிழிக்கவில்லை என்கிறான். 

பழி தீர்க்கும் வழி எனக்குத் தெரியும். ஊரில் பெரிய கட்டடம் வைத்திருப்பவர்கள் ஒழுங்காக வரி கட்டமாட்டார்கள். வரிப் பிரிவில் இருந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுக்கும் பல வருட நிலுவை இருக்கும் என்று முடிவு கட்டினேன். மண்டபத்தின் வரிப் பதிவு நகலும் நிலுவை விவரமும் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்கள் போல நான் சமீபத்தில் சந்தோஷமாக இருந்ததில்லை. நிலுவைத் தொகையைப் பெரிதாகப் போட்டு ஒரு பிளெக்ஸ் அடிப்பதாக இருந்தேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு எதிரிலேயே கட்டவேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கும்போது கண்ணில் படவேண்டும். 'வரி கட்டாத மண்டபத்தில் கை நனைக்காதீர்' என்ற வாசகத்தை நானே யோசித்தேன். மாத்திரை வாங்க வில்லியனூர் போனபோது பிளெக்ஸ் கடையில் விலையும் கேட்டுவிட்டு வந்தேன். காசில்லாமல் மாத்திரையைப் பாதி அட்டைதான் வாங்கினேன், ஆனால் பிளெக்ஸை முழு அளவில்தான் விசாரித்தேன்.

பதில் வந்தது. நிலுவை: இல்லை. வருடம் தவறாமல் முதல் மாதமே கட்டியிருக்கிறான். கட்டிய தொகையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆகும் துடைப்பச் செலவு கூட அந்த வரியைவிட அதிகமாக இருக்கும். பதிவேட்டு நகலில் 'கட்டட வகை' என்ற கட்டத்துக்கு நேராக 'கூரை' என்று எழுதியிருந்தது. கூவன்னாவின் சுழியை அப்படி அகலமாகப் போடுகிற ஆள் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான். நான்தான்.

எங்கள் பதிவேட்டில் வீடு இரண்டு வகை. கீற்று வேய்ந்தது கூரை. அதற்கு வரி பேருக்குத்தான். தளம் போட்டது மெத்தை. அதற்கு வரி பல மடங்கு. ஏழைபாழை கடன் வாங்கி மெத்தை கட்டினால் ஒன்றிரண்டு வருடத்துக்குப் பதிவேட்டில் கூரையாகவே விட்டுவைப்போம். இதற்கு அலுவலகத்தில் 'கூரை போட்டுக் குடுக்கிறது' என்று பேர். எதிரில் யாராவது வந்து நின்று, "யக்கா, எங்களுக்கும் ஒரு கூர போட்டுக் குடுக்கா" என்பார்கள். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பேன். இரக்க குணம் உள்ளவள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். போட்டுக் கொடுத்த கூரையை இரண்டு வருடம் கழித்து நானும் பிரித்ததில்லை, எனக்குப் பின்னால் வந்தவர்களும் பிரித்ததில்லை.

மண்டபம் இருக்கும் இடத்தில் முன்பு நிஜமாகவே ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. கரும்பு டிராக்டர் நிறுத்துவார்கள். அதைப் பிரித்துவிட்டு மண்டபம் எழுப்பினான். கோப்பு என் மேஜைக்கு வந்த வாரம், மனைவியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "கடன்ல மூழ்கிக் கெடக்கறேன்க்கா. ரெண்டே வருசம், கூரையாவே இருக்கட்டும்" என்றான். எழுதினேன். நான்கு மாதம் கழித்து அந்த மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். லஞ்சம் என்ற சொல் அன்று எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை, ஏன், எனக்கு நினைப்பிலும் வரவில்லை. நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பென்ஷன் வரவேண்டிய பெட்டியில் ஓட்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. வேறு யாராக இருந்தாலும் அந்த நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றோடு அடங்கியிருப்பார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. நான் எழுதிய கூரைக்குக் கீழே பதினெட்டு வருடம் சம்பாதித்தவன், அதே கூரைக்குக் கீழே என்னை உட்காரவைத்து, வரி கட்டுகிறவன் போல மைக் பிடித்துப் பேசியிருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் பேசினான்.

மறுநாளே மறு அளவீடு கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். இப்போது இருக்கும் கணக்கர் சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். மனுவைப் படித்துவிட்டுத் தயங்கினான்.

"மேடம், இவர் ஒருத்தர மட்டும் அளந்தா பழிவாங்குறாங்கன்னு கேஸ் போடுவாரு. அளக்கணும்னா அந்த வார்டு முழுக்க அளக்கணும். நெறைய பேரு கூரையிலதான் இருக்காங்க. கொஞ்சம் யோசிச்சிக்கோங்க."

"யோசிச்சிட்டேன்பா. அள" என்றேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. அவன் 'நெறைய பேரு' என்றபோது என் கண்ணில் ஒரே ஒருத்தன் முகம்தான் இருந்தது.

அலுவலகத்தில் எதுவும் ரகசியமாக இருப்பதில்லை. வார்டு முழுக்க என்று மாற்றி எழுத மனுவை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எழுதிக்கொண்டிருந்தபோதே மண்டபக்காரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னாக்கா இது? கூரைன்னு எழுதனதே நீதான?"

"நான்தான் எழுதனேன். இப்ப நானே அழிக்கிறேன்."

"உம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வாடக வாங்குனனா?"

"வாங்கல. இப்ப கணக்குப் பண்ணி ரசீது குடு. பென்ஷன் வந்ததும் கட்டிடறேன்."

அவன் அண்ணாந்து என் வீட்டுத் தளத்தைப் பார்த்தான். "இது மெத்த வூடு. பொஸ்தகத்துல இன்னான்னு கீதுன்னு சொல்லட்டுமா?"

என் வீடும் பதிவேட்டில் கூரைதான். சுருக்கென்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாவை எடுத்து, மனுவில் அவன் மண்டபத்துக்கு மேலே முதல் வரியில் என் வீட்டு எண்ணை எழுதினேன். காகிதத்தைத் திருப்பி அவனுக்கே காட்டினேன்.

"பைத்தியமா புட்ச்சிருக்குது ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அளக்க வந்த அன்று குடையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று மண்டபக்காரனையே பிடிக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடம், மணமகள் அறை, ஜெனரேட்டர் கொட்டகை எதையும் விடவில்லை. அவன் குனிந்து குனிந்து நிமிர்ந்தான், வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து மதியம் வரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பசிக்கவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை நான் இங்கே குறைத்துச் சொல்லப் போவதில்லை.

அவனுக்கு வரி எகிறியது. யார் யாரையோ பார்த்தான், பலிக்கவில்லை. மனுவின் நகலை நான் மேலிடத்துக்கும் அனுப்பியிருந்தேன். கடைசியில் பழைய வருடங்களின் வித்தியாசத்தோடு சேர்த்துக் கட்டினான். கட்டிய செய்தி கேட்ட அன்று வாசலில் வந்த நல்லவாடு குப்பத்து மீன்காரம்மாவிடம் கடனுக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். அடுத்த மாதம் எங்களுக்கு இரண்டு மாதப் பென்ஷன் வந்தது. மீதி, வசூல் வர வர வரும் என்றார்கள். வராந்தாவில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் வரி நோட்டீசும் வந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே கட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் என் சிநேகிதி வந்தாள். காதில் இன்னும் ஈர்க்குச்சிதான் இருந்தது. கையில் ஒரு காகிதம்.

"யக்கா, இத இன்னான்னு படிச்சி சொல்லு."

வாங்கிப் பார்த்தேன். அவள் வீட்டுக்கு வந்த வரி நோட்டீஸ். அவள் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடைப் பணம் மொத்தத்தையும் போட்டுத் தன் குடிசைக்குத் தளம் ஊற்றியிருந்தாள். முப்பது வருடம் சாக்கடை தள்ளியதற்கு அவளுக்கு மிச்சமானது அந்தத் தளம் ஒன்றுதான். புதுமனை புகுவிழாவுக்கு நான் போய்ப் பொங்கல் சாப்பிட்டேன். 'பதிவேட்டில் கூரையாவே இருக்கட்டும்டி' என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். நான் போட்ட கூரைகளில் நியாயமான கூரை அது. அதையும் பிரித்தாகிவிட்டது. புது வரி, அதோடு பழைய வருடங்களுக்கான பாக்கி.

தொகையைப் படித்துச் சொன்னேன். அவளுக்கு வந்த இரண்டு மாதப் பென்ஷனைவிட அதிகம்.

"மண்டபத்தத்தான அளக்கச் சொன்னே?"

"வார்டு முழுக்க அளக்கணும்னு சொன்னாங்கடி."

"சொல்லும்போது நான் ஒனக்கு நெனப்பு வரலியா?"

"வரல" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கட்டிவிடுகிறேன் என்றேன். "இந்த வருசம் கட்டுவே. வருசா வருசம் கட்டுவியா?" என்றாள். இந்த வரியிலிருந்துதான் நமக்குப் பென்ஷன் வரவேண்டும் என்று முப்பத்தோரு வருடம் வரிப் பிரிவில் இருந்தவளாக விளக்க ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ எங் காச எங்கிட்டயே வாங்கி, எனக்கே பென்ஷன்னு குடுப்பாங்கோ."

நான் நோட்டீசில் இருந்த தொகையை மறுபடி பார்த்தேன். அவளே கேட்டாள்.

"சரி, அவனுக்கு இன்னாதான் ஆச்சி?"

"கட்டிட்டான். கட்டிட்டு மண்டபத்து வாடகைய ஏத்திட்டான்."

அவள் என் கையிலிருந்து நோட்டீசை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டுவதற்குக் கடைசித் தேதி எது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.