ஒரே பாட்டு, ரெண்டு மட்டம்

அத்தைக்கு அனுமதி கிடைத்தது ஒரே ஒரு பாட்டுக்குத்தான்.

கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் நாடகத்தில் பாடியவள் அவள். அந்த நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டிய வாத்தியார் இறந்து ஓராண்டு ஆனபோது, அவரிடம் பாடியவர்கள் சேர்ந்து கொட்டாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் அவருடைய பாட்டுகளை மட்டும் வைத்துக் கச்சேரி நடத்தினார்கள். அத்தையையும் அழைத்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றே இனி மேடை கிடையாது என்று பேசி முடித்தவர் மாமாவின் அண்ணன். பதினெட்டு வருடமாக அந்தப் பேச்சு மாறவில்லை. ராஜாக்கமங்கலத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. தேங்காய் வியாபாரத்தில் மாமா யாரையும் விடாமல் பேரம் பேசுவார். அண்ணன் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அழைப்பிதழை நீட்டியபோதும் அப்படித்தான் நின்றார்.

பெரியவர் அதை இரண்டு முறை படித்தார். “ஒரு பாட்டு. அது கழிஞ்சா எறங்கிரணும். நானும் வருவேன்.”

எனக்கு ஒன்பது வயது. காலாண்டு விடுமுறைக்கு அத்தை வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று, மிக்சி ஓடும்போது மட்டும் அவள் பாடிப் பார்த்தாள். அந்த வாரம் அந்த வீட்டில் தேவைக்கு அதிகமாகச் சட்னி அரைக்கப்பட்டது.

நாடக மேடையின் சட்டத்தையும் அந்த வாரம் அத்தைதான் சொல்லித்தந்தாள். “ஒன்ஸ்மோர் கேட்டா மறுக்கப்பிடாது பிள்ளே. வெட்டுப்பட்டுக் கெடக்க ராஜாவே எழும்பி நிண்ணு பாடிட்டுத்தான் திரும்பச் சாவான், கேட்டியா.”

செத்தவர் எழுந்து பாடுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையோடுதான் கொட்டாரத்துக்குப் போனேன். அங்கே யாரும் சாகவில்லை. எல்லோரும் மைக் முன்னால் நின்று பாடிவிட்டு இறங்கினார்கள். முன் வரிசையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாமாவும் நானும் நான்கு வரிசை பின்னால்.

அத்தை மைக்கின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினாள். ஒரு பிசிறு இல்லை. ஆனாலும் பயந்த பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. முடித்ததும் கைகூப்பிவிட்டுப் படியை நோக்கித் திரும்பினாள்.

“ஒன்ஸ்மோர்” என்றேன். சொன்ன பிறகுதான் ஒரு பாட்டு என்ற நிபந்தனை நினைவுக்கு வந்தது. பயந்துபோய் மாமாவைப் பார்த்தேன். அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சத்தம் பத்தாது மக்கா” என்றார்.

நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். மண்டபம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நாடகம் பார்த்துப் பழகிய நாலைந்து பேர் அதையே பிடித்துக்கொண்டு கத்தினார்கள். ஆர்மோனியக்காரர் யாரிடமும் கேட்காமல் தொடக்கத்தை வாசித்துவிட்டார். அத்தை திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் கை கம்பியில் இல்லை. சில வரிகளை அவள் இழுத்து, வளைத்து, தன் இஷ்டத்துக்கு நிறுத்திப் பாடினாள். முதல் தடவையைவிட அந்தப் பாட்டு இரண்டு மடங்கு நீண்டது.

வெளியே பெரியவர் காத்திருந்தார். “ஒரு பாட்டுண்ணுல்லா சொன்னேன்?”

“பாட்டு ஒண்ணுதான் அண்ணே. ரெண்டு மட்டம் பாடிட்டா” என்றார் மாமா. உடனே என் தலையில் கை வைத்தார். “இந்தப் பிள்ள கெடந்து கத்திப்போட்டு. நான் என்ன செய்ய?”

பெரியவர் என்னைப் பார்த்தார். வேறு வீட்டுப் பிள்ளையை அவரால் திட்ட முடியவில்லை. “ஏட்டி, ஒனக்கு என்ன தொண்டை!” என்றுவிட்டு நடந்தார்.

பஸ்ஸில் அழுதேன். “மாமாதான் கூடச் சத்தம் போடச் சொன்னாரு” என்று அத்தையிடம் முறையிட்டேன். அவள் நியாயம் சொல்லவில்லை. “அத யாருட்டயும் சொல்லிராத” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. மாமாவோடு இனி பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த மாதம் அதே கச்சேரி இரணியலில் என்று முடிவாயிற்று. பெரியவர் இந்தத் தடவையும் அத்தைக்கு ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி கொடுத்தார். மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். “மாப்ளே, சனிக்கிழமை பிள்ளைய எங்ககூட விடு. இவ இல்லாம சரிவராது” என்று அப்பாவிடம் சொன்னார்.

என்மேல் பழி போட்டதற்கு வருத்தப்பட்டுச் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உடனே இறங்கிப்போக மனமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் சீட் தந்தால் வருகிறேன் என்றேன்.