கலியமூர்த்தி நீக்கிய மச்சான்

கடலூரில் பம்பு செட் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கம்பெனியில் கலியமூர்த்திக்கு வேலை. இருபது வருஷம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர், நான்கு வருஷமாக 'சிஸ்டம் பார்க்கிறவர்'. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் எழுதிக் கற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் இணையதளத்தில் புகார் பதிந்தால், ஊரைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆளுக்குத் தானாகவே செய்தி போகும்படி இணையத்தில் ஒரு 'புராஜெக்ட்' செய்துவைத்தார். முதல் செய்தி போன அன்று, போர்வெல்லில் தண்ணீர் வந்ததைப் பார்ப்பதுபோலத் திரையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய இன்னொரு பெருமை ரிஜிஸ்டர். யாராவது வேலையை விட்டுப் போனால், சாவி வாங்கியாச்சு, ஐடி கார்டு வாங்கியாச்சு, புராஜெக்டிலிருந்து நீக்கியாச்சு என்று வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவார். டிக் கோணலாக விழுந்தால் வெள்ளை மை தடவித் திரும்ப அடிப்பார்.

சிதம்பரம் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த செந்தமிழ்செல்வன் அவர் மனைவியின் தம்பி. புவனகிரியில் வேறொரு பம்பு கடையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுக்கு டிக் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் போன் செய்தான்.

"மாமா, இன்னிக்கு மட்டும் பதினோரு மெசேஜ். 'புதுப் புகார், வடலூர், மோட்டார் ஓடல'ன்னு எங்க மொதலாளி எதிர்லயே வந்து விழுது. இன்னும் அந்தக் கம்பெனிக்குத்தான் வேலை பாக்கறியான்னு கேக்கறாரு. அஞ்சு மணிக்கு மேல ஒண்ணு வந்தாலும் நாளைக்கு வராதேன்னுட்டாரு."

"வராது மச்சான். ஒன்னை ரிமூவ் பண்ணியாச்சு."

"வருதே."

"ஒன் போன்ல கோளாறு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"மூணு தடவை பண்ணிட்டேன்."

"ரிஜிஸ்டர்ல இருக்குடா, தேதியோட."

"அப்ப அந்த ரிஜிஸ்டரையே எங்க மொதலாளிக்கு அனுப்புங்க."

கம்ப்யூட்டரைத் திறந்தார். புராஜெக்டின் ஆள் பட்டியலில் முதல் பெயரே செந்தமிழ்செல்வன். டிக் அடித்த அன்று என்ன செய்தோம் என்று யோசித்தார். கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை எடுத்தது ஞாபகம் வந்தது. அங்கே பெயர் மறைந்ததும் மனசு நிறைந்து, எல்லா வரிக்கும் டிக் அடித்திருக்கிறார். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் இருபது வருஷத்தில் ஒரு வயரைத் தொட்டதில்லை இந்த மனுஷன்.

ரிமூவ் பொத்தானைத் தேடினார். மற்றவர்கள் பெயருக்கு எதிரே இருந்தது. இவன் பெயருக்கு எதிரே மட்டும் 'ஓனர்' என்று இருந்தது. ஓனரை யாரும் நீக்க முடியாது. அவனாகத்தான் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். தன் பெயர் மூன்றாவதாக, வெறும் அட்மின். ஏதாவது ஏடாகூடமானால் ஓனரைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்து, நான்கு வருஷத்துக்கு முன் மச்சான் பெயரில் தொடங்கியது அவரேதான். அது நன்றாக ஓடவும் பயம் மறந்துபோய், 'நம்ம சிஸ்டம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மணி நாலே கால். இப்போது இவர் போன் செய்தார்.

"மச்சான், என்னை ஓனராக்கிட்டு நீ வெளியே போவணும்."

"அப்ப இப்ப ஓனர் யாரு?"

"நீதான்."

"மூணு வாரமாவா?"

"நாலு வருஷமா."

"ஒரு தீபாவளிக்காவது சொல்லியிருந்தா கொஞ்சம் ஜாஸ்தி மரியாதை கேட்டு வாங்கியிருப்பேனே மாமா. ஆக, நான் நெனச்சா ஒங்களையே ரிமூவ் பண்ணலாம்."

"பண்ணலாம்."

"பண்ணட்டா?"

"பண்ணு. ஒங்கக்காகிட்ட நீயே வந்து சொல்லு."

அவன் சிரித்துவிட்டான். கடைக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, இவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான். நாலு ஐம்பதுக்கு ஓனர் மாறினார். உடனே அவன் பெயரை நீக்கினார். நீங்கிவிட்டதா என்று பக்கத்தை நாலு தடவை திறந்து பார்த்தார்.

சிதம்பரம் பக்கத்துக்கு இப்போது ஆள் இல்லாததால், ஐந்து மணி தாண்டியதும் புது ஓனரான கலியமூர்த்தியின் போனில் ஒரு புகார் வந்து விழுந்தது. புவனகிரி, கடைத்தெரு, மோட்டார் ஓடவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. கூப்பிட்டார்.

"வணக்கம் சார். ஒங்க மோட்டார்ல என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல. நானே மோட்டார் கடைதான் வச்சிருக்கேன். இந்தப் பையன் போன் அடிக்குதான்னு பாக்கறதுக்குப் பதிஞ்சேன்."

கலியமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அடிச்சுதா சார்?"

"அடிக்கல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மேசை மேல வச்சி அதையேதான் பாத்துகினு இருக்கேன். நீங்க யாரு?"

சிஸ்டம் பார்க்கிறவர் என்று சொல்ல நாக்கு எழுந்தது. "அவன் மாமா சார். தப்பு என்னோடது. அவன் மேல ஒண்ணும் இல்ல."

"சரி, நாளைக்கு வரட்டும். எங்க கடைக்கும் இதுமாதிரி ஒண்ணு வைக்கலாம்னு நெனச்சேன். இப்ப வேணாம்னு தோணுது."

போனை வைத்துவிட்டுப் புகாரை முடிக்கப் போனார். கோளாறு எங்கே என்று எழுதாமல் சிஸ்டம் விடாது. அப்படிச் செய்துவைத்ததும் அவர்தான். கொஞ்சம் யோசித்து, 'கடலூர் ஆபீசில்' என்று தட்டினார்.