நெட் போச்சுன்னு சொல்லிடு தம்பி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு நெட் சென்டராம். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவனைக் கூப்பிட்டுக் கண்முன்னால் நிறுத்துவதுதான் அங்கே தொழிலாம். அந்த மந்திரவாதி வேலைக்கு, வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காத ஒருத்தனைப் பிடித்துப் போட்டார்களாம். அந்த ஒருத்தன் நான்.

ஊர் நகரி, தமிழும் தெலுங்கும் கலந்த ஆந்திர எல்லை. கடையின் முன்பக்கம் ஆதார் திருத்தம், திருமலை தரிசன டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம். பின்னால் ஓர் அறை. அதில் சுவரளவு டிவி, அதன் தலையில் ஒரு கேமரா, மேஜையில் மைக். ஆளுக்கொரு போன் இருக்கும்போது வீடியோ கால் பேச எதற்குக் கடைக்கு வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் பேசும்போது பதினோரு தலை ஒரு போனுக்குள் நுழையாது. மகன் பெரிதாகத் தெரிந்தால்தான் சிலருக்கு மகனாகத் தெரிகிறான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஊரார் திட்டை வாங்கிக்கொள்ளும் என் இனத்தாரே, மற்ற காரணங்களை நான் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

எட்டுத் தறி சத்தம்

தாமோதரம் அண்ணனுக்கு எட்டு பவர்லூம். முப்பது வருஷமாகத் தறிக்கு நடுவில் நின்று பேசிப் பேசி, அவருக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. மகள் ரேவதிக்குப் பிச்சாட்டூர் சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை சுரேஷுக்குக் குவைத்தில் ஏதோ குடோனில் சூப்பர்வைசர் வேலை. முதல் கால். "வணக்கம் மாப்ள" என்று அண்ணன் ஆரம்பித்ததும் முன்பக்கம் ஆதாருக்குக் கைரேகை வைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். குவைத்தில் சுரேஷ் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அப்படியும் கேட்டது.

மைக் இருக்கிறது அண்ணா, மெதுவாகவே பேசலாம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் காதில் எடுத்துச் சொன்னாள். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பக்கத்துல கீற எனக்கே நீ பேசறது கேக்கல. இதே மாதிரி பேசினா குவைத்துல கீறவனுக்கு எப்டி தம்பி கேக்கும்?"

கால் தெரியலையே

திருமலையிலிருந்து மொட்டைத் தலையோடு நேராகக் கடைக்கு வந்தார் ஒரு அம்மா. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பிரசாதம் காட்ட வேண்டும். பேச வேண்டாம், காட்டினால் போதும். லட்டை இரண்டு கையாலும் கேமராவுக்கு முன்னால் ஏந்தினார். டிவி முழுக்க லட்டு. நடுவில் ஒரு முந்திரி. மகன் பக்தியாகக் கண்ணை மூடித் திறந்தான். வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். இந்தத் தொழிலில் நான் நினைத்தது எதுவும் நடந்ததில்லை.

செருப்பைக் கழற்றினாயா என்று அம்மா கேட்டார். கழற்றிவிட்டேன் என்றான். பிள்ளையை வளர்த்தவர் ஆயிற்றே, நம்பவில்லை. போனைக் கீழே இறக்கச் சொன்னார். அவன் மார்பு வரை இறக்கினான். இன்னும் கொஞ்சம். இடுப்பு வரை. அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று போன் அடம்பிடிப்பது போல அவன் நடித்தான். லட்டைப் பிடித்திருந்த கை மட்டும் இறங்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீதானப்பா இதை ஓட்டறே, இங்கருந்தே அவன் காலைப் பார்க்கறதுக்கு இதுல ஒரு பட்டன் இல்லியா?"

கேமராவுக்குப் பொட்டு

இரண்டாவது கால், பூ வைக்கிற நாளில். குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. இங்கே வெள்ளிக்கிழமை நல்ல நாள். இரண்டு தேசமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். சுரேஷின் அம்மா சாரதம்மா பிச்சாட்டூரிலிருந்து பழம், பூ, புடவைத் தட்டோடு வந்திருந்தார்.

ஆட்கள் உள்ளே உட்கார இடம் பிடித்துக்கொண்டிருந்தபோது ரேவதி வாசலில் என்னைப் பிடித்தாள். பெரியம்மா மகளை இப்படித்தான் குவைத் மாப்பிள்ளைக்குக் கட்டினார்களாம். ஆறு வருஷமாக அவள் மாமியாருக்குச் சோறாக்கிக்கொண்டிருக்கிறாளாம். புருஷன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோகிறானாம். அதனால் சுரேஷிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், இரண்டு நிமிஷம் தனியாகப் பேச வைக்க முடியுமா என்றாள். பார்க்கலாம் என்றேன். ஒன்றும் செய்யப்போவதில்லை என்பதற்கு நாகரிகமான சொல் அது. எனக்கு நன்றாகவே வரும்.

உள்ளே சாரதம்மா எல்லாருக்கும் சந்தனம் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் டிவியிடம் வந்தார். பிள்ளை அதற்குள் இருக்கிறான், அவனுக்கு மட்டும் வைக்காமல் விடலாமா. எக்கி நின்று, கேமராவின் கண்ணில் சந்தனத்தைத் தடவி நடுவில் குங்குமம் அழுத்தினார். நான் ஓடி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. டிவியில் சுரேஷ் நன்றாகத் தெரிந்தான். போனைத் தாடைக்குக் கீழே பிடிப்பது அவன் வழக்கம், ஆகையால் பாதி முகமும் பாதிக் கூரையும். அவனுக்குத்தான் இந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பொண்ணு தெரியலம்மா என்றான். சாரதம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் பார்த்துட்டேன்டா. நீ பார்த்தா இன்னா, பார்க்காட்டி இன்னா."

அஞ்சாவது நிமிஷம்

ரிடையரான வாத்தியார் ஒருவர் வாரம் ஒருமுறை சிங்கப்பூர் மகளிடம் பேச வருவார். வந்ததும் என் காதோடு சொல்வார்: அஞ்சாவது நிமிஷம் நெட் போச்சுன்னு சொல்லிடு தம்பி. மகள் சுகர் மாத்திரையைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பது ஆறாவது நிமிஷம். நானும் கட் செய்துவிடுவேன். அவர் வெளியே வந்து, வரிசையில் இருப்பவர்கள் காதில் விழும்படி எங்கள் நெட்டைக் காறித் துப்பிவிட்டுப் போவார்.

இந்த ஊரில் நெட்டைப் போல அடி வாங்கிக்கொள்கிற அப்பாவி வேறு யாரும் கிடையாது. தாத்தா சொன்ன கதையில் ராஜகுமாரி மாயக் கண்ணாடியில் தேசம் தேசமாகப் பார்ப்பாள். அவளிடம் ஒருத்தனும் சிக்னல் இல்லை என்று சொன்னதில்லை. ஒருநாள் வாத்தியார் கிளம்பிய பிறகு சிங்கப்பூரிலிருந்து கடை நம்பருக்கே கால் வந்தது. மகள்தான். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி. அடுத்த வாரம் மூணாவது நிமிஷமே நெட் போச்சுன்னு சொல்லிடுங்க, அதுக்கு மேல அவர் அட்வைஸ் ஆரம்பிச்சுடறார்."

ஃபேன்

மூன்றாவது கால். ஆவணியில் தேதி குறித்துவிட்டால் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினோரு பேர். கேமராவைத் துடைத்து வைத்திருந்தேன். விளிம்பில் மட்டும் குங்குமம் போகவில்லை. சுரேஷ் புதுச் சட்டையில், வழக்கம்போலத் தாடையும் கூரையுமாக, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றான். தேதி முடிவானது. கடைசியில் தாமோதரம் அண்ணன், இல்லை என்று சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில், நீ ஏதாவது பேசணுமா என்று மகளைக் கேட்டுவைத்தார். ரேவதி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கல்யாணம் ஆனா என்னை அங்க கூட்டிக்கினு போவீங்களா, இல்ல உங்கம்மாகிட்ட வுட்டுட்டு நீங்க மட்டும் போவீங்களா?"

சுரேஷின் சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கைச் சொறியப் போன கை பாதியில் நின்றது. ஆளே நின்றுவிட்டான். ஹலோ ஹலோ என்றார்கள். நெட் போச்சு என்று யாரோ ஆரம்பிக்க, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நல்ல காரியத்தில் இப்படி ஆகிறதே, இதுவும் ஒரு கடையா என்றார் சாரதம்மா. "ஏம்ரா, நெட் போயிந்தா?" என்று ஓனர் முன்பக்கத்திலிருந்து தெலுங்கில் கேட்டார்.

ரூட்டரில் பச்சை விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. டிவியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வாத்தியாரிடம் பழகிய வாய், நெட்தான் போயிருக்கும் என்று சொல்லத் தயாரானது. நல்லவேளை, என் குரல் வெளியே வருவதற்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் ரேவதி பேசிவிட்டாள்.

"நெட்டுக்கு ஒண்ணும் ஆவல நைனா. அவர் தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு கீது, பாரு."

பதினோரு பேரும் நானும் பார்த்தோம். குவைத் கூரையில் மூன்று இறக்கை ஃபேன் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே மாப்பிள்ளை சிலையாக இருந்தான். ஃபேன் கரன்ட்டில் சுத்துது, நெட்டில் இல்லையே என்றார் சாரதம்மா. தாமோதரம் அண்ணன் எழுந்து மைக்குக்குக் கிட்டே போனார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மாப்ள, கண்ணை மட்டும் சிமிட்டிக்கோங்க. எரியும்."

சுரேஷ் சிமிட்டவில்லை. கண்ணோரம் ஒரு சொட்டு தண்ணீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது.

சாரதம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் போனார். அவர் பின்னால் அவர் ஆட்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நின்றார். அறையில் ரேவதியும் நானும் டிவியும். கட் செய்ய மவுஸைத் தொட்டேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கட் பண்ணாதீங்க அண்ணா. எவ்ளோ நேரம் அப்டியே கீறார்னு பார்த்துட்டு அப்பறமா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அப்பாவோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

இவ்வளவு காலமாக எத்தனையோ தேசத்து முகங்களை இந்த டிவிக்குள் வரவழைத்துவிட்டேன், அதில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொன்னது அந்தக் குவைத் ஃபேன் ஒன்றுதான்.