ஆமி ஜீப்பும் நாலு தேசிக்காயும்

“இந்த ஜீப் சோதனையில பாஸ் பண்ணினால் திங்கக்கிழமை தொடக்கம் உனக்குப் பட்டறையில வேலை. பண்ணாட்டி, பழையபடி கக்கூஸ் கழுவு. சரியோ, ராசம்மா?”

எங்கள் ஷெஃப், அதாவது முதலாளி, உர்ஸ் இப்படிக் கேட்டது சுவிஸ் ஜேர்மனில். ஆனால் என் காதுக்குள் எந்தப் பாஷை போனாலும் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வெளியே வரும். ஆகவே இதில் வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் எங்கட தமிழிலேயே கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில், சுவிஸின் கூர் நகரத்துக்கு வெளியே ஒரு சின்னக் கராஜில் எனக்குப் புட்ஸ் வேலை. நிலம் கூட்டுவது, கண்ணாடி துடைப்பது, மெக்கானிக்மார் ஒயில் கையோடு பிடித்த கதவுகளைத் தேய்ப்பது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். அடி வாங்கியது அதைவிடக் கூட. வாகனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். ஆனால் அவர்கள் கழற்றிப் பூட்டுவதைப் பார்க்கப் பார்க்க, தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஸ்பானர் சாவியைத் தூக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஷெஃப்பைக் கேட்டேன். சிரித்தார். பிறகும் கேட்டேன். பிறகும் சிரித்தார். அவருக்குச் சிரித்து அலுத்த நேரத்தில்தான் இந்த ஜீப் வந்தது.

ஜீப்பின் சாதகம்

மலைமேல் மாடு வளர்க்கும் ஒருவருடைய வண்டி. பால் கான்களை இறக்குவதும் வைக்கோல் ஏற்றுவதும் அதில்தான். கதவு கிடையாது. சாணிதான் பெயின்ற்.

எங்களோடு வேலை செய்த தவம், ஊரில் ட்ராக்டர் பட்டறையில் நின்றவன். அவன்தான் எனக்கு அதன் சாதகத்தைச் சொன்னான்.

“ராசக்கா, இது அமெரிக்கன் ஆமி ரெண்டாம் உலகச் சண்டைக்கெண்டு அவசரமாச் செய்விச்ச சாமான். பாரம் குறைய இருக்கவேணும், நாலு சில்லும் இழுக்கவேணும், சேத்துக்க புதைஞ்சால் ஆக்கள் சேந்து தூக்கி வெளியில வைக்கவேணும்.”

“மாப்பிளை வீட்டார் பொம்பிளை கேட்ட மாதிரி எல்லோ கேட்டிருக்கினம்.”

“முதல் செய்து காட்டினது ஒரு சின்னக் கொம்பனி. பேந்து ரெண்டு பெரிய கொம்பனியள் ஒரே அளவில செய்து தள்ளினது. ஒண்டின்ர சாமானை மற்றதில பூட்டலாம்.”

“அப்ப முதல் செய்தவைக்கு?”

“கைகுலுக்கி விட்டிருப்பினம், அக்கா.”

சண்டை முடிந்ததும் மிஞ்சிய ஜீப்புகளைச் சுவிஸ் ஆமி வாங்கிக் கனகாலம் ஓட்டியது. பிறகு விற்றது. விவசாயிகள் விழுந்தடித்து வாங்கினார்கள். செங்குத்துப் புல்வெளியில் ஏற அதைப்போல ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னத் தடி. ஒன்றைத் தள்ளினால் முன் சில்லும் இழுக்கும். மற்றதைத் தள்ளினால் ஆமை வேகத்தில் யானைப் பலம். முன் கண்ணாடியை மடித்து போனற்றுக்கு மேல் படுக்க வைக்கலாம். போனற் சமதளம், நானும் தவமும் அதில் வைத்துத்தான் பாண் சாப்பிட்டோம். பெற்றோல் ராங்கி ட்ரைவரின் ஆசனத்துக்குக் கீழே. எனக்குப் பிடித்தது முன் லைற். ஒரு திருகாணியைக் கழற்றினால் லைற் மற்றப் பக்கம் திரும்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் எஞ்சின் பழுதானால் இன்னொருவர் ரோர்ச் பிடிக்கத் தேவையில்லை. இப்படி யோசிக்க ஒரு மனுசர் இருந்திருக்கிறார் பாருங்கள்.

வாகனத்தை இங்கே அரசாங்கச் சோதனைக்குக் காட்டும்போது அடிப்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கென்றால் பாராமலே திருப்பி விடுவார்கள். அதனால்தான் ஷெஃப்புக்கு என் நினைவு வந்தது. உள் வேலை தவத்துக்கு. அடிப்பக்கம் எனக்கு.

இந்த ஜீப்பின் கைபிறேக் சில்லுகளைப் பிடிக்காது. நடுவில், பின் சில்லுக்குப் போகும் தண்டை ஒரு பட்டி சுற்றிப் பிடிக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஒயில் கசியும் இடம். பட்டியில் ஒயில் பட்டால் வண்டி நிற்காது. தவம் கசிவை அடைத்துப் புதுப்பட்டி போட்டான். நான் பலகையில் மல்லாக்கக் கிடந்து, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகச் சுரண்டினேன். காய்ந்த சாணி கண்ணுக்குள் விழுந்தது. குளிரில் விரல் வெடித்தது. பின்னேரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் போய்க் கிடந்தேன்.

சோதனை

“நீயும் வா,” என்றார் ஷெஃப். “உள்ளுக்குப் போக முதல் கடைசிச் சொட்டையும் துடைக்கவேணும்.”

பழந்துணியோடு பின்னால் ஏறினேன். சட்டைப் பைக்குள் நாலு தேசிக்காய். முக்கிய காரியத்துக்கு வண்டி வெளிக்கிடும்போது சில்லுக்கு ஒன்றாக வைத்து நசிப்பது எங்கட வழக்கம். கராஜிலேயே வைக்க இருந்தேன். ஷெஃப் வீடு பற்றியெரிகிற மாதிரிப் பறந்துவிட்டார். சோதனைக் கட்டடத்து வாசலில் வரிசை. நான் கீழே புகுந்து துடைத்தேன். துடைத்த கையோடு, சில்லுகளின் உள்ளோரமாகத் தேசிக்காயை வைத்தேன்.

“என்ன இவ்வளவு நேரம்?”

“சொட்டொண்டு ஒளிச்சிருக்கு, ஷெஃப்.”

ஜீப் உள்ளே உருண்டது. எஞ்சின் சத்தத்தில் தேசிக்காய் நசிந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

சோதிக்கிறவர் மீசைக்காரர். லைற்றைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். வண்டியின் அடிப்பக்கம் பார்க்கிற குழிக்குள் இறங்கினார். “இவ்வளவு சுத்தமான ஜீப்பை நான் காணேல்லை,” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் அவருடைய ரோர்ச் சில்லின் உட்பக்கத்தில் நின்றது.

“இஞ்ச ஈரம். பிறேக் ஒயில் கசியுது.” மற்றதற்குப் போனார். “இஞ்சயும்.” மற்றது. “நாலும்!”

“நாலுமோ?” என்றார் ஷெஃப். மீசைக்காரர் பேனையை எடுத்தார். அவர் எழுதினால் ஜீப் திரும்பிப் போகும். நான் கக்கூஸுக்குத் திரும்பிப் போவேன்.

“எழுதாதேங்கோ! உது தேசிக்காய்!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான் வைச்சனான். எங்கட சாமிக்கு.”

“பிறேக் ஒயிலுக்குச் சாமி இல்லை,” என்றார் மீசைக்காரர்.

இனிக் கதைத்து வேலையில்லை. குனிந்து, சில்லின் உட்பக்கத்தை விரலால் வழித்து, நக்கினேன்.

“ஏய்! அது நஞ்சு!” என்று அவர் குழிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார்.

“புளி,” என்றேன். “கொஞ்சம் ரயரும் மணக்குது. நீங்களும் பாருங்கோ.”

அவர் நக்கவில்லை. மணந்து பார்த்தார். ரயர் வெட்டுக்குள் இருந்த விதையொன்றைச் சாவி முனையால் கிண்டி எடுத்தார். அதோடு நம்பிவிட்டாரென்று நினைக்காதீர்கள். எல்லாச் சில்லையும் துடைக்கச் சொன்னார். ஷெஃப்பைப் பிறேக்கை மிதித்தபடி இருக்கச் சொல்லி, குழிக்குள் நின்று பார்த்தார். மிதி இறங்கவில்லை. சில்லு காய்ந்தபடியே இருந்தது. பிறகு வெளியே சரிவில் ஏற்றிக் கைபிறேக்கை இழுத்தார். ஜீப் ஆணியடித்த மாதிரி நின்றது.

“பாஸ் போடுறது நான். உங்கட தேசிக்காய் இல்லை,” என்றார்.

“ஓம் ஐயா. ஆனால் உங்களைப் போட வைச்சது ஆர் எண்டு தேசிக்காய் சொல்லாது.”

மீசைக்குள் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

கராஜ் வாசலில் இறங்கியதும் ஷெஃப் தவத்தைக் கூப்பிட்டார். “திங்கக்கிழமை இவவுக்கு மெக்கானிக்மார் போடுற நீலக் கழுசான் ஒண்டு எடுத்துக் குடு. சின்ன அளவு பார். இவ வண்டிக்குக் கீழ நுழையிற ஆள்.”

அந்தப் பட்டறையில் பிறகு கனகாலம் நின்றேன். இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வண்டிக்குக் கீழே நீங்கள் எதை வைத்தாலும், எதை ஊற்றினாலும், சோதிக்கிறவர் ரோர்ச்சை எடுக்க முதலே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பிந்தினால் நக்கிக் காட்ட வேண்டி வரும். எல்லா ஈரமும் தேசிப்புளியாக இருக்காது.